கடலோரச் சாலைக்கு மூன்று இரவுகள்

கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் மகனிடமோ மகளிடமோ சென்று சில மாதங்கள் தங்கிவிட்டுத் திரும்பும் பெற்றோர் இன்று நம் நாட்டில் அபூர்வமானவர்கள் அல்லர். போன புதிதில் இரவு பகல் மாறிக் கெட்ட தூக்கம் சரியாகி, அக்கம்பக்கத்துக் கடைகளும் கோயிலும் பழகிப்போன பிறகு, தொடர்ச்சியாக நாலைந்து நாள் விடுமுறை வருகிற சமயத்தில், "எல்லோருமாகக் கடலோரச் சாலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை காரிலேயே போய் வரலாமே" என்ற யோசனை அந்த வீடுகளில் தவறாமல் எழுகிறது. யோசனை உத்தமமானதுதான். சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே லெகெட் என்ற சிற்றூரில் தொடங்கித் தெற்கே டேனா பாயின்ட் வரை சுமார் 656 மைல் ஓடும் முதலாம் எண் மாநிலச் சாலையைப் போல, மலையும் சமுத்திரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில் மனிதன் துணிந்து போட்ட சாலைகள் உலகத்தில் அதிகம் இல்லை. ஆனால் அந்த யோசனையைத் திட்டமாக்கும்போது நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள் என்பதும், அந்தத் தவறு முதல் பிரயாணத்தின் ஆனந்தத்தை முழுவதுமாக அபகரித்துவிடுகிறது என்பதும் என் அபிப்பிராயம். என் குடும்பமும் அதைச் செய்தது. ஆகையால்தான் இதை எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் நாங்கள் முதன்முதலாக அந்தச் சாலையில் சென்றோம். மகள், மாப்பிள்ளை, நான்கு வயதுப் பேத்தி, என் மனைவி, நான் என்று காரில் ஐந்து பேர். இரவுச் சாப்பாட்டுக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் உறவினர் வீட்டுக்கு வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். காலை எட்டரை மணிக்குக் கிளம்பி, மாண்டரே நகரத்து மீன் காட்சிசாலைக்குள் நுழைந்து, அங்கே கண்ணாடிக்குப் பின்னால் நீந்திய ஜீவராசிகளை விட்டுப் பேத்தி நகர மறுத்ததால், வெளியே வரும்போது மணி மூன்றைக் கடந்திருந்தது. வழியிலுள்ள பிக்ஸ்பி பாலத்தை நெருங்கியபோதே வெயில் சாய்ந்துவிட்டது. டிசம்பரில் அந்தக் கரையில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடும் என்பதை எங்களில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. அதற்குப் பின் வந்த அறுபது எழுபது மைல், அதாவது எதைப் பார்ப்பதற்காகக் கிளம்பினோமோ அந்தப் பகுதி முழுவதும், காரின் விளக்கொளியில் இடப்புறம் தெரிந்த பாறையாகவும் வலப்புறம் நின்ற இருளாகவுமே எங்களைக் கடந்து போயிற்று. பேத்தி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மடக்கிய காலை நீட்ட இடமில்லாமல் என் மனைவிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மாப்பிள்ளை கண்ணை இமைக்காமல் வளைவுகளை எண்ணிக்கொண்டு ஓட்டினார். நள்ளிரவு கடந்து உறவினர் வீட்டு வாசலில் இறங்கியபோது என் மனைவி கேட்டாள்: "கடல் எந்தப் பக்கம் இருந்தது?"

அந்தக் கேள்வி என் மனத்தில் நெடுநாள் தங்கியிருந்தது. பல ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவளுக்குப் பசிபிக் சமுத்திரத்தைக் காட்டுவதற்காகவே போட்ட திட்டத்தில், அவளுக்குச் சமுத்திரம் எந்தத் திசையில் இருந்தது என்பதுகூடத் தெரியாமல் போயிற்று.

தவறு எங்கே இருந்தது என்று பின்னர் யோசித்துப் பார்த்தேன். உள்நாட்டின் சமவெளி வழியாகச் செல்லும் ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் சான்பிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே சுமார் 380 மைல். ஆறு மணி நேரத்தில் போய்விடலாம். கடலோர வழி சுமார் 450 மைல். கைபேசியைக் கேட்டால் ஒன்பது, பத்து மணி நேரம் என்கிறது. விடியற்காலையில் கிளம்பினால் இரவு உணவுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாமே என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. ஆனால் கைபேசி சொல்லும் காலம், எங்கும் நிற்காமல், யாரும் பசிக்கிறது என்று சொல்லாமல், குழந்தைக்குத் தலைசுற்றாமல் ஓடுகிற ஒரு வண்டியின் காலம். குடும்பத்தோடு செல்பவர்கள் தங்கள் பிரயாணத்தை அளக்க வேண்டிய கோல் காரின் பின் இருக்கையில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் மிகவும் சின்னவரும் மிகவும் மூத்தவரும் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சந்தோஷமாக உட்கார முடியுமோ, அதுவே அன்றைய தூரம். எங்கள் அனுபவத்தில் அது நான்கு மணி நேரத்துக்கு மேல் இல்லை.

இந்தச் சாலை ஏன் இப்படி நிதானத்தைக் கேட்கிறது என்பதற்கு அதன் சரித்திரமே காரணம் சொல்லும். கார்மெலுக்கும் சான் சிமியோனுக்கும் இடையே உள்ள பிக் சர் பிரதேசத்தில் சான்டா லூசியா மலைத்தொடர் நேராகக் கடலிலிருந்து எழுகிறது. அதிலுள்ள கோன் சிகரம் கரையிலிருந்து மூன்று மைலுக்குள்ளாகவே ஐயாயிரம் அடிக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. இத்தகைய இடத்தில் சாலை என்பதே பல காலம் யாருக்கும் தோன்றாத விஷயம். 1894ஆம் ஆண்டு பாயின்ட் சர் அருகே ஒரு கப்பல் உடைந்தபோது, மாண்டரேயில் வைத்தியம் பார்த்துவந்த ஜான் ராபர்ட்ஸ் என்பவர் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்யக் குதிரை வண்டியில் கரடுமுரடான தடத்தில் போக வேண்டியிருந்தது. இக்கரைக்கு ஒரு பாதை வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1897இல் அவர் மாண்டரேயிலிருந்து தெற்கே காலால் நடந்தே சென்று வழியை வரைந்தார். பணம் 1919இல்தான் ஒதுக்கப்பட்டது. வேலைக்கு ஆள் கிடைக்காத அந்த வனாந்தரத்தில், சான் குவென்டின் சிறையின் கைதிகள் நாளொன்றுக்கு 35 சென்ட் கூலிக்கும், தண்டனைக் காலத்தில் கிடைக்கும் குறைப்புக்கும் பாறையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிக்ஸ்பி ஓடையின்மேல் 260 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், ஒரே வளைவாக நிற்கும் கான்கிரீட் பாலம் 1932இல் முடிந்தது. 1937ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பாதை முழுவதும் திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் சிரமப்பட்டுப் போட்ட பாதையைப் பத்து மணி நேரத்தில் கடந்துவிட நினைத்தோம் என்று இப்போது எண்ணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

போட்டு முடித்ததோடு மலை ஓய்ந்துவிடவுமில்லை. அம்மலையின் பாறை உறுதியற்றது. பூமியின் இரண்டு பெருந்தட்டுகள் உரசும் விளிம்பில் நொறுங்கிக் கலந்து கிடப்பது. மழைக்காலத்தில் நீர் இறங்கினால் மலைச்சரிவே நழுவுகிறது. 2017ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி மட் கிரீக் என்ற இடத்தில் சரிந்த மலை, சாலையைக் கால் மைல் நீளத்துக்குப் புதைத்துக் கடலுக்குள் புதிய நிலத்தையே உண்டாக்கிவிட்டது. அங்கே மீண்டும் வண்டி ஓடியது 2018 ஜூலையில்தான். 2021 ஜனவரியில், முந்தின ஆண்டு காட்டுத் தீயில் எரிந்த மலைச்சரிவின்மேல் பெருமழை பெய்ய, ராட் கிரீக் என்னுமிடத்தில் சாலையே பிளந்து கடலில் விழுந்தது. இத்தகைய அடைப்பு ஒன்று இருக்கும்போது பாதியில் வந்து திரும்பினால், குறுக்கே மலையைக் கடந்து உள்நாட்டுக்குப் போகக் குறுகலான ஒரு மலைப்பாதையைத் தவிர வேறு வழி இல்லாமையால், வந்த வழியே போய் 101ஆம் எண் சாலையைப் பிடிப்பதற்குள் ஒரு நாள் வீணாகிவிடும். ஆனபடியால் கிளம்புவதற்கு முந்தின இரவும் கிளம்பும் நாள் காலையும் கால்ட்ரான்ஸ் எனப்படும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். வழி அடைபட்டிருந்தால் மனம் உடைய வேண்டியதில்லை. மாண்டரேயில் தங்கி, திறந்திருக்கும் வரையில் பிக் சருக்குள் சென்று திரும்பினாலே பிரயாணத்தின் சாரம் கிடைத்துவிடும்.

விடுமுறை இரண்டே நாள்தான் என்பவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது அதுதான். லாஸ் ஏஞ்சல்ஸை விட்டுவிடுங்கள். அது எங்கேயும் போகாது. இன்னொரு சமயம் விமானத்திலோ, ஐந்தாம் எண் சாலையிலோ போய்க்கொள்ளலாம். தூரத்தைக் குறைத்துக்கொண்டால் இரண்டு நாள் தாராளமாக இருக்கும். தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டு நாளைக் குறைத்தால் எங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

வடக்கிலிருந்து தெற்கே செல்வதே உசிதம். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், தெற்கு நோக்கிச் செல்பவருக்குச் சமுத்திரம் தம் பக்கமாகவே வருகிறது. ஓரத்தில் ஒதுங்கி நிற்பதற்கென்று அமைத்த இடங்களில், எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிடாமல் திரும்பி நின்றுகொள்ளலாம். பின்னால் ஐந்து வண்டிகளோ அதற்கு மேலோ சேர்ந்துவிட்டால் மெதுவாகச் செல்லும் வண்டி இப்படிப்பட்ட இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது கலிபோர்னியாவின் சட்டம். புதிதாக ஓட்டுபவர்களுக்கு இச்சட்டம் ஒரு பெரிய சகாயம். பின்னால் வருபவனின் அவசரத்துக்காக வேகத்தைக் கூட்ட வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. எட்டு வயது நிரம்பாத குழந்தைகளைப் பின் இருக்கையில், அதற்குரிய தனி ஆசனத்தில்தான் உட்கார வைக்க வேண்டும் என்பதும் சட்டமே. மடியில் வைத்துக்கொண்டு போவது நம் ஊர்ப் பழக்கம்; பாட்டியின் மனம் எவ்வளவு இளகினாலும் அங்கே அதற்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் ஏமாறாதவர்கள் குறைவு. கோடை விடுமுறை என்றால் ஜூலை. ஜூலை என்றால் கடற்கரையில் வெயில் என்று நாம் நினைக்கிறோம். வடமேற்கிலிருந்து வீசும் காற்று அக்கரையில் மேல்நீரை அப்பால் தள்ள, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழுகிறது. ஈரக்காற்று அதன்மேல் படியும்போது மூடுபனியாகிவிடுகிறது. உள்நாட்டுச் சமவெளி வெயிலில் கொதிக்கக் கொதிக்க, அந்தப் பனி இன்னும் உட்புறமாக இழுக்கப்படுகிறது. ஆகவே கோடையின் நடுவில் பாலமும் மலையும் வெள்ளைத் திரைக்குப் பின்னால் மறைந்து நிற்பது சகஜம். செப்டம்பரும் அக்டோபரும்தான் தெளிந்த வானத்துக்கு உரிய மாதங்கள். எந்த மாதமானாலும் தண்ணீர் மட்டும் குளிர்ந்தே இருக்கும். நம் கடலில் இடுப்பளவு நின்று குளித்துப் பழகியவர்கள் அங்கே அப்படி இறங்கிவிடலாகாது. குளிரும் இழுப்பும் போதாதென்று, அமைதியாகத் தோன்றும் கரையில் திடீரென்று ஒரு பெரிய அலை மேலேறி வந்து நிற்பவர்களை வாரிக்கொண்டு போவதும் உண்டு. கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் எச்சரிக்கை. படம் எடுத்துக்கொள்ளும் அவசரத்தில் நம்மவர்கள் மறப்பதும் அதைத்தான்.

2022 அக்டோபரில் நாங்கள் மீண்டும் சென்றோம். இம்முறை மாண்டரே, கேம்ப்ரியா, சான்டா பார்பரா என்று மூன்று இரவுகள். முதல் நாள் மகள் வீட்டிலிருந்து மாண்டரே வரை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டம். மாலை முழுவதும் பேத்திக்கும் அவளுடைய மீன்களுக்கும் விட்டுவிட்டோம். ஒரு காலத்தில் மத்தி மீனை டப்பாவில் அடைத்த தொழிற்சாலை இருந்த இடத்தில், மத்தி வற்றித் தொழில் நசித்துப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1984இல் திறக்கப்பட்ட காட்சிசாலை அது. கெல்ப் எனப்படும் பெரும் பாசிகள் ஒரு காடு போல அசையும் உயரமான தொட்டியின் எதிரே தரையில் அமர்ந்து, முதன்முறை அவசரப்பட்டு இழுத்துக்கொண்டு போன அதே குழந்தையோடு நானும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள்தான் பிரயாணத்தின் ஜீவன். மாண்டரேயிலிருந்து கேம்ப்ரியாவுக்குச் சுமார் நூறு மைல். நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எங்களுக்கு ஒன்பது மணி நேரம் ஆயிற்று. கார்மெலில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டோம், ஏனென்றால் நடுவே கிடைக்கும் ஓரிரண்டு நிலையங்களில் விலை மிகமிக அதிகம். கைபேசிக்கு நெடுந்தூரம் தொடர்பு கிடைக்காது என்பதால் வழிப்படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தார் மாப்பிள்ளை. காலையிலேயே பிக்ஸ்பி பாலத்தை அடைந்துவிட்டபடியால் கூட்டமில்லை. பாலத்துக்குக் கீழே ஓடை கடலில் கலக்கும் இடத்தை என் மனைவிக்குக் காட்டினேன். மெத்தென்ற உரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு, கலிபோர்னியாவில் அற்றே போயிற்று என்று பொதுஜனங்கள் நம்பியிருந்த கடல் நீர்நாய், 1938இல், சாலை திறந்த மறு வருஷம், சுமார் ஐம்பது உயிர்கள் கொண்ட கூட்டமாக அந்த ஓடையின் வாய் அருகேதான் வெளிப்பட்டது. இன்று அக்கரையில் உள்ள ஏறக்குறைய 3,000 நீர்நாய்களும் அப்படித் தப்பிப் பிழைத்த சிறு கூட்டத்தின் சந்ததி. பாறைகளுக்கு அப்பால் பாசியைப் போர்த்திக்கொண்டு மல்லாந்து மிதந்த ஒன்றைப் பேத்திதான் முதலில் கண்டாள். மார்பின்மேல் ஒரு கல்லை வைத்து அதில் சிப்பியை மோதி உடைத்துக்கொண்டிருந்தது. அதை விட்டு வர யாருக்கும் மனமில்லை. வர வேண்டிய அவசரமும் அன்று இல்லை.

மதியம் பைஃபர் பிக் சர் பூங்காவில், செம்மரம் என்று நாம் சொல்லும் மரத்துக்குச் சம்பந்தமில்லாத, வானைத் தொடும் ரெட்வுட் மரங்களின் நிழலில், வாழையிலை கிடைக்காத குறை ஒன்று நீங்கலாக எல்லாச் சிறப்போடும் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டோம். கட்டுச்சாதத்தை நான் சிபாரிசு செய்வது சிக்கனத்துக்காக மட்டும் அன்று; அந்த நெடுவழியில் உணவகங்கள் சொற்பம், பசிக்கும் வேளையில் அவை வராது, வயதானவர்களின் வயிற்றுக்கும் பழகிய சோறுதான் வளைவுகளில் துணை நிற்கும். வளைவு வருவதற்கு அரைமணி முன்பே இஞ்சி மரப்பா ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டாள் பேத்தி. அவள் பக்கத்து ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தோம், கையில் கைபேசியைக் கொடுக்கவில்லை. வாந்தி வரவில்லை. பிற்பகலில், மலையிலிருந்து நேரே மணல்மேல் விழும் மெக்வே அருவியை மேலிருந்து பார்த்தோம். மாலையில் சான் சிமியோனுக்குச் சற்று வடக்கே பியட்ராஸ் பிளாங்காஸ் கரையில், யானைச் சீல்கள் மூட்டை மூட்டையாகப் படுத்துக் கிடந்ததைப் பார்த்தோம். மூன்று வருஷங்களுக்கு முன் இதே கரையை இருட்டில் கடந்திருக்கிறோம். குட்டி ஈனுவதற்காகப் பெரிய சீல்கள் வந்து சேருகிற டிசம்பர் மாதம் அது.

மூன்றாம் நாளைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மோரோ பேயில் 576 அடி உயரத்துக்குக் கடலோரத்தில் தனியாக நிற்கும் எரிமலைப் பாறையையும், 1786இல் ஸ்பானியப் பாதிரிமார் நிறுவிய சான்டா பார்பரா மடத்தையும் பார்த்தோம். பாதை அகன்று, ஊர்கள் நெருங்கிவிட்ட பகுதி அது. ஆனால் அன்றுதான் என் மனத்தில் பதிந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. வழி நெடுகப் பல இடங்களில் வெறுங்காலும் அலையும் வரைந்த பலகைகள் நிற்கின்றன. இவ்வழியே இறங்கினால் கடற்கரை, யாரும் போகலாம் என்பது அதன் பொருள். பணக்காரர்கள் கரையை வளைத்து வேலியிட்டுவிடுவார்கள் என்று அஞ்சிய கலிபோர்னியா ஜனங்கள் 1972இல் வாக்களித்துக் கரையைக் காக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள்; 1976இல் அது நிரந்தரச் சட்டமாயிற்று. அலை நனைக்கும் மணல் அங்கே எல்லோருக்கும் பொது. எவ்வளவு பெரிய மாளிகை பின்னால் இருந்தாலும், ஊருக்குப் புதியவளான ஒரு கிழவி அந்த ஈரமணலில் நடப்பதைத் தடுக்க ஒருவருக்கும் அதிகாரமில்லை. என் மனைவி புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, மகள் கையைப் பிடித்தபடி, கணுக்கால் அளவு நீரில் நெடுநேரம் நின்றாள். கடலுக்கு முதுகைக் காட்டவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பிக் சரில் தங்கும் அறைகள் சொற்பம். மாநிலப் பூங்காக்களின் முகாம் இடங்களை ஆறு மாதம் முன்பே பதிவு செய்யலாம், அவை சீக்கிரம் நிரம்பியும் விடுகின்றன. அக்டோபரில் அப்பா அம்மா வருவதாக இருந்தால், அவர்களுடைய விமான டிக்கெட்டை வாங்குகிற அன்றே மூன்று இரவுகளுக்கும் இடம் பிடித்துவிடுங்கள். அலுவலகத்தில் அந்த நான்கு நாட்களுக்கும் விடுப்புச் சொல்லிவிடுங்கள்.